சுவிஸ் மலைக்குடிலில் பருவ வேலை: விண்ணப்பத்திலிருந்து கதவு பூட்டும்வரை

டொச்சில் (ஜேர்மன் மொழியில்) 'ஹூட்டே' என்று சொல்லும் மலைக்குடில், பெரும்பாலும் நடந்து மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு தங்குமிடம். 1863இல் தொடங்கிய சுவிஸ் அல்பைன் கழகத்திடம் (எஸ்.ஏ.சி.) மட்டும் ஏறக்குறைய 150 குடில்கள் இருக்கின்றன. கொன்கோர்டியா குடில் 2850 மீற்றரில், மொன்டே ரோசா 2883 மீற்றரில், மற்றர்ஹோர்ன் ஏறுபவர்கள் தங்கும் ஹோர்ன்லி 3260 மீற்றரில். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தெருவும் இல்லை, நகரசபைத் தண்ணீரும் இல்லை, மின்கம்பமும் இல்லை. நகரத்து உணவகக் குசினியில் பத்து வருடம் நின்றவரும் முதல் கிழமை இங்கே தடுமாறுவார். சமைக்கத் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், குப்பையை வாசலில் வைத்தால் லொறி வரும் என்ற பழக்கம்தான் காலை வாரும்.

ஆருக்குக் கிடைக்கும்

சுவிஸ் குடியுரிமை, 'சி' (நிரந்தர வதிவிடம்) அல்லது 'பி' (வதிவிடம்) அனுமதி உள்ளவர்களுக்குத் தடையில்லை. 'எஃப்' அனுமதி (தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்கள்) உள்ளவர்களும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளும் 2019இலிருந்து தனியாக வேலை அனுமதி எடுக்கத் தேவையில்லை. முதலாளி மாநிலத்துக்கு அறிவித்தால் போதும். தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களின் 'என்' (N) அனுமதி என்றால் மாநிலத்தின் சம்மதம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களும் வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே விண்ணப்பித்து இந்த வேலைக்கு விசா எடுப்பது நடைமுறையில் நடக்காது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து சிறப்புத் தகுதி உள்ளவர்களை மட்டும், அதுவும் ஒதுக்கீட்டுக் கணக்கில்தான் எடுக்கிறார்கள். பாத்திரம் கழுவுவதும் கட்டில் விரிப்பதும் அதற்குள் வராது. 'சுவிஸ் மலை ஹோட்டல் வேலை' என்று ஆராவது முற்பணம் கேட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

பருவம் இரண்டு. பனிச்சறுக்கு நடைக்காரர்களுக்காக மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே வரை சில உயரமான குடில்கள் திறந்திருக்கும். கோடைப் பருவம் ஜூன் நடுப்பகுதி அல்லது கடைசியில் தொடங்கி செப்டெம்பர் கடைசியில் முடியும். கோடைக்கு ஆள் எடுப்பது குளிர்காலத்திலேயே நடக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் எழுதுங்கள். குடிலின் சொந்த இணையப் பக்கத்தில் பொறுப்பாளரின் முகவரி இருக்கும். நேரே எழுதுவதுதான் நல்லது. விண்ணப்பத்தில் மூன்று விடயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை நிற்பீர்கள், என்னென்ன மொழி கதைப்பீர்கள், எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் சமைத்திருக்கிறீர்கள். மலையேறிய அனுபவம் இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். ஆனால் 15 கிலோ பையோடு நாலு மணித்தியாலம் மேலே நடக்கும் உடல் வேண்டும். அதை வீட்டுக்குப் பக்கத்து மலையில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டே எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கழிப்பார்கள். வரி, சமூகக் காப்புறுதிக் கணக்கில் அதற்கு நாளொன்றுக்கு 33 பிராங் மதிப்பு: காலை 3.50, மதியம் 10, இரவு 8, தங்குமிடம் 11.50. மாதத்துக்கு 990. முதியோர் காப்புறுதிப் பங்கு 5.3 வீதமும் வேலையிழப்புக் காப்புறுதி 1.1 வீதமும் அதற்கு மேலே போகும். இதையெல்லாம் கழித்து மிஞ்சுவதைத்தான் வேறு வேலைகளோடு ஒப்பிடவேண்டும். மேலே செலவழிக்க ஒரு கடையும் இல்லாததால் மிஞ்சுவது அப்படியே கையில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுநாளை எப்படிக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கிழமைக்குக் கிழமையா, சேர்த்து வைத்து மூன்று நாலு நாளாகவா? கீழே இறங்கி ஏறவே ஒரு நாள் போய்விடும் குடிலில் தனி ஒருநாள் ஓய்வால் பயன் குறைவு. ஜூலையில் பனி கொட்டி ஒரு கிழமை ஆளே வராவிட்டால் சம்பளம் ஓடுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கிழமைக்கு 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை என்றால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளியின் காப்புறுதி பொறுப்பு. ஓய்வுநாளில் பக்கத்துச் சிகரத்துக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும், அதனால் இது முக்கியம். ஆனால் கண்மூடித்தனமான துணிச்சல் என்று முடிவானால் காசுக் கொடுப்பனவைப் பாதியாக வெட்டலாம்.

பையில் என்ன

கணுக்காலை மூடும் மலைச் சப்பாத்து (ஏறுவதற்கு முன்பே காலுக்குப் பழகியிருக்க வேண்டும்), உள்ளே போட முன்பக்கம் மூடிய, வழுக்காத ஒரு சிலிப்பர், கம்பளிக் காலுறை ஐந்து சோடி, பத்து நாளுக்கான உள்ளாடை, ஒரு டவுண் ஜாக்கெட், மழைச் சட்டை, சிவப்பு வெளிச்சமும் உள்ள தலை ரோச், பட்டு அல்லது பருத்தியாலான படுக்கை உறை, காது அடைப்பான், வெயில் கண்ணாடி, 50ஆம் இலக்க வெயில் கிறீம், உதட்டுக்குப் பூச்சு. கைக்குப் பூச கிறீம் பெரிய டப்பாவாக எடுங்கள். வறண்ட காற்றும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சேர்ந்து இரண்டு கிழமையில் விரல் மூட்டுகளை வெடிக்கவைக்கும். ஒழுங்காக எடுக்கும் மருந்து இருந்தால் முழுப் பருவத்துக்கும் தேவையானதை எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு மிளகாய்த்தூள் போத்தலும் கொஞ்சம் கறித்தூளும் எடுத்துப் போங்கள். ஊழியர் சாப்பாடு மூன்று மாதம் மக்கறோனியும் சூப்பும்தான். பாரமான சாமான் இருந்தால் பருவத் தொடக்கத்தில் சாமான் கொண்டுவரும் ஹெலியில் (ஹெலிகொப்டரில்) போட இடமுண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பெட்டியின் எடையைச் சரியாகச் சொல்லவேண்டும்.

தண்ணீர்

எல்லா வேலையும் இதில் வந்து முட்டும். குடிலுக்குத் தண்ணீர் பனி உருகுவதிலிருந்தோ, பனியாற்று ஓடையிலிருந்தோ, கூரை மழையிலிருந்தோ வருகிறது. உருகும் தண்ணீர் வெயிலோடு வரும். பின்னேரம் கொட்டும், இரவில் உறைந்து குறையும், விடிய மிகக் குறைவாக இருக்கும். அதே விடியவேளையில்தான் ஐம்பது பேர் பல் தீட்ட நிற்பார்கள். ஆகவே தாங்கியைப் பின்னேரமே நிரப்பி வைக்கவேண்டும். படுக்கப் போகுமுன் அளவைப் பார்ப்பதை ஒரு ஆளின் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

குழாயில் தண்ணீர் நின்றுபோனால் மூன்று காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். ஓடையில் தண்ணீர் எடுக்கும் வாய் கல்லாலும் மணலாலும் அடைத்திருக்கலாம். பின்னேரம் ஓடை சாம்பல் நிறமாக ஓடினால் அந்த நுண்மண் வடிகட்டியை மணிக்கணக்கில் அடைக்கும். அது சரியென்றால், கறுப்புக் குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். மேட்டில் உள்ள இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால் சீறிவிட்டுத் தண்ணீர் வரும். இரண்டும் இல்லையென்றால் குழாய் உறைந்திருக்கும். உறைபனி இரவு என்று வானிலை சொன்னால் குழாயை மெல்லிய ஓட்டமாக விட்டுவைக்க வேண்டும், இல்லையேல் முழுதாக வடித்துவிட வேண்டும். தண்ணீர் ஓடாமல் நிற்கும் குழாய்தான் வெடிக்கும்.

சுத்திகரிக்காத தண்ணீர்க் குழாய்க்கு மேல் 'குடிநீர் அல்ல' என்ற பலகை இருக்கும். அதை விருந்தினரின் போத்தலில் நிரப்பிக் கொடுக்காதீர்கள். கொதித்த தேத்தண்ணீர் கொடுங்கள், அல்லது போத்தல் தண்ணீர் விற்கவேண்டும். அதன் விலையைப் பார்த்து முகம் சுழிப்பவர்களிடம் அது ஹெலியில் வந்தது என்று சிரித்தபடி ஒரே வசனத்தில் சொன்னால் போதும்.

பாத்திரம் கழுவும் முறை: முதலில் மீதத்தை வழித்துக் குப்பையில் போடுங்கள், பிறகு பாவித்த தண்ணீரில் ஒரு அலசு, சவர்க்காரம் போட்ட சூடான தண்ணீரில் கழுவல், கடைசியில் கை பொறுக்காத சூட்டில் முக்கியெடுத்துத் தானாகக் காயவிடல். துணியால் துடைத்தால் வயிற்றோட்டக் கிருமியை நாற்பது கோப்பைக்குப் பகிர்ந்து கொடுப்பீர்கள். எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது. குளிர்ந்த குழாயில் கொழுப்பு சில நிமிடத்தில் மெழுகாகும். கழிவுநீரில் வரும் கொழுப்பைப் பிடித்துவைக்கும் கொழுப்புப் பொறியைக் கிழமைக்கு ஒருமுறை திறந்து வழிக்க வேண்டும். அந்த வேலையை ஒருவரும் விரும்புவதில்லை, அதனால் பட்டியல் போட்டு முறை வைப்பார்கள்.

அடுப்பும் உயரமும்

ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை குறைகிறது. 2850 மீற்றரில் 90 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் போகாது, ஆவிதான் கூடும், காஸ்தான் வீணாகும். ஆகவே பொட்டலத்தில் 9 நிமிடம் என்று போட்ட பாஸ்தாவுக்கு 11 முதல் 13 நிமிடம் ஒதுக்குங்கள். உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டுங்கள். பருப்பையும் கடலையையும் முதல்நாள் ஊறப்போடாமல் அடுப்பில் வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வேகாது. பிறஷர் குக்கருக்குப் பழக்கப்பட்ட கை எங்களுடையது, அது இங்கே பெரிய உதவி. ஆனால் வெளிக் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள்ளும் ஊரில் இருக்கும் சூடு வராது. ஊர்க் கணக்கோடு கொஞ்ச நேரம் கூட்டுங்கள்.

மாவில் நேர்மாறு. காற்றழுத்தம் குறைந்ததால் பாணும் கேக்கும் வேகமாகப் பொங்கி, உள்ளே இறுகுமுன் அமுங்கிவிடும். ஈஸ்ட்டிலும் பேக்கிங் பவுடரிலும் கால்பங்கு குறைத்துத் தொடங்கி, உங்கள் குடிலின் குளிருக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள்.

இரவுச் சாப்பாடு வழக்கமாக சூப், சலாட், முக்கிய உணவு, இனிப்பு. ஆளுக்கு சூப் 3 டெசிலீற்றர். பாஸ்தா உலர்ந்த எடையில் 100 முதல் 120 கிராம். அரிசி 80 கிராம். உருளைக்கிழங்கு கால் கிலோ. 60 பேருக்கு 18 லீற்றர் சூப், 7 கிலோ பாஸ்தா என்று வரும். அந்த 7 கிலோவை ஊர்முறையில் அவித்து வடித்தால் 70 லீற்றர் தண்ணீர் வேண்டும்! அதனால்தான் குடில்களில் அல்ப்லர் மக்கறோனி இவ்வளவு பிரபலம். மக்கறோனியையும் உருளைக்கிழங்கையும் பாலும் தண்ணீரும் அளந்து ஊற்றி ஒரே பானையில் வேகவைத்து, சீஸையும் பொரித்த வெங்காயத்தையும் போட்டு, அப்பிள் கூழோடு கொடுப்பார்கள். வடிக்க எதுவும் இருக்காது. அடிப்பிடிப்பதுதான் ஆபத்து. பெரிய பானை என்றால் கடைசிப் பத்து நிமிடம் அகப்பையை விட்டு நகராதீர்கள். தவிர்க்க முடியாமல் பாஸ்தா வடித்தால் அந்தச் சூடான தண்ணீரை எறியாதீர்கள், பானை ஊறப்போட உதவும்.

காஸ் புறொப்பேன்தான் இருக்கவேண்டும். பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கீழே ஆவியாகாது. ஒரே சிலிண்டரில் நாலு அடுப்பையும் முழுதாக எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் பனி பிடித்துச் சுவாலை சுருங்கும். காஸ் தீர்ந்துவிட்டது என்று கழற்றிவிடுவார்கள், உள்ளே பாதி இருக்கும். இரண்டு சிலிண்டரை இணைத்துப் பாவித்தால் இது வராது. சிலிண்டரை நெருப்பால் சூடாக்கவே கூடாது. குளிருக்குப் பயந்து குசினி யன்னலை முழுதாக மூடி அடுப்பெரிப்பதும் கூடாது; காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

மின்சாரம் சோலர், பற்றரி, அவசரத்துக்கு டீசல் ஜெனரேற்றர். தூசு உறிஞ்சும் மெசின், பாத்திர மெசின், பம்பு மூன்றையும் காலை 10க்கும் பின்னேரம் 3க்கும் இடையில், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். 2000 வாட் சுடுதண்ணீர்க் கேத்திலையும் தலைமயிர் உலர்த்தியையும் கொண்டு வரவே வேண்டாம்.

ஒரு நாள்

பனியாற்றைக் கடந்து சிகரம் ஏறுபவர்கள், வெயிலில் பனி இளகுமுன் இறங்கிவிட வேண்டும். ஆகவே அவர்களின் காலைச் சாப்பாடு விடியப்புறம் 2 அல்லது 3 மணிக்கு. பாண், பட்டர், ஜாம், மூஸ்லியை இரவே மேசையில் மூடிவைத்து, தேத்தண்ணீரைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் படுப்பார்கள். பயணத்துக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணீருக்கு 'மார்ஷ் தே' என்று பெயர். ஆளுக்கு ஒரு லீற்றர் கணக்கு. சாதாரண நடைக்காரருக்கு இரண்டாவது சாப்பாடு 6, 7 மணிக்கு. பிறகு அறைகள், ரொய்லெற், கேக், 11 மணியிலிருந்து பகல் விருந்தினர், 2 மணிக்கு மேல் இரவு தங்க வருபவர்கள், 6.30க்கு இரவுச் சாப்பாடு, 10 மணிக்கு விளக்கணைப்பு. மூன்று மணிக்கு எழும்பியவர் மதியம் இரண்டு மணித்தியாலம் படுத்தே ஆகவேண்டும். முதல் கிழமை உற்சாகத்தில் படுக்காமல் இருந்தவர்கள் மூன்றாம் கிழமை கத்தியால் கையை வெட்டிக்கொள்வார்கள்.

காசை இரவே வாங்குங்கள். விடியப்புறம் தலை ரோச்சோடு புறப்படுபவரிடம் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்க நேரமிருக்காது. வந்தவுடன் பதிவுப் புத்தகத்தில் பெயர், எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள், நாளை எங்கே போகிறார்கள் என்று எழுதவைக்க வேண்டும். ஆளைக் காணவில்லை என்று தேடும்போது மீட்புப் படை முதலில் கேட்பது இந்தப் புத்தகத்தைத்தான். ஒவ்வாமையையும் அப்போதே கேளுங்கள், 6.25க்குச் சொல்பவருக்குச் செய்துகொடுக்க மேலே கடை இல்லை.

மலையில் எல்லோரும் எல்லோரையும் 'டூ' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதானவரை நீ என்று சொல்ல எங்கள் ஆக்களுக்கு நாக்கு கூசும். சொல்லுங்கள், அங்கே அதுதான் மரியாதை.

அறைகளில் கம்பளியை உதறி, ஒரே அளவில் மடித்து, கால்பக்கம் எப்போதும் கால்பக்கமாகவே வைக்கவேண்டும். மெத்தைத் தையலோரம் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். அந்த மெத்தையை இழுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகாதீர்கள். கதவை மூடிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். உலர் ரொய்லெற்றுக்குள் குளோரின் ஊற்றக்கூடாது. கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர் செத்து, இரண்டு நாளில் நாற்றம் சாப்பாட்டறைக்கு வரும்.

ஹெலி வரும் நாள்

சாமான் ஏற்றுவதும் குப்பை இறக்குவதும் ஹெலியின் கொக்கியில் தொங்கும் வலையில். உயரமும் வெப்பமும் கூடினால் ஹெலி தூக்கும் எடை குறையும். ஆகவே நிறுவனம் சொன்ன எடைக்கு மேல் ஒரு கிலோவும் போடாமல், பெட்டிகளை நிறுத்து எழுதிவைக்க வேண்டும். வலையை விரித்து, பாரத்தை நடுவில் அடியில் வைத்து, உடையக்கூடியதை மேலே அடுக்கி, நாலு மூலை வளையங்களையும் சேர்த்துக் கட்டுங்கள். அலுமினியப் பேணிகளை நசுக்கி, கண்ணாடியைத் தனியாகப் போடுங்கள்.

ஹெலி வருமுன் முற்றத்தில் கம்பளி, வாளி, குடை, கதிரை மெத்தை ஒன்றும் இருக்கக்கூடாது. விருந்தினரை உள்ளே அனுப்புங்கள். தொப்பியைக் கழற்றி, கண்ணாடி போடுங்கள். தொங்கும் பாரத்துக்குக் கீழே போகாதீர்கள். கொக்கி நிலத்தில் படுமுன் வெறுங்கையால் தொடாதீர்கள், நிலைமின்சாரம் அடிக்கும். இறங்கிய ஹெலியை விமானி பார்க்கும் முன்பக்கத்தால், பள்ளப் பக்கத்திலிருந்து மட்டும் நெருங்கலாம். மேட்டுப் பக்கம் சுழலி தலை உயரத்தில் வெட்டும்.

மூடுபனி வந்தால் ஹெலி நாட்கணக்கில் வராது. அரிசி, பாஸ்தா, மா, சீஸ், சூப் தூள் நாலு நாளுக்குக் குறையாமல் இருப்பில் நிற்கவேண்டும். புதிய மரக்கறியில் சலாட் இலையையும் காளானையும் முதலில் முடியுங்கள். கோவா, கரட், வெங்காயம் காத்திருக்கும். எலிக்கு அட்டைப்பெட்டி ஒரு தடையே இல்லை. இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் மாற்றிவையுங்கள்.

தலையிடி, இடி, அவசரம்

முதல் இரண்டு மூன்று நாள் தலையிடியும் தூக்கமின்மையும் சாதாரணம். தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், பாரமான வேலையைத் தள்ளிப்போடுங்கள். சத்தி நிற்காவிட்டால், நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினால், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் அது மருந்தோடு காத்திருக்கும் நிலை இல்லை. உடனே கீழே இறக்கவேண்டும். விருந்தினருக்கும் இதே விதி. மீட்பு ஹெலிக்கு, சுவிஸ் வான்மீட்பு நிறுவனமான ரேகாவின் 1414ஐ அழையுங்கள். வானிலிருந்து பார்க்கும் விமானிக்கு இரு கையையும் மேலே விரித்தால் 'உதவி வேண்டும்', ஒரு கை மேலேயும் மறு கை கீழேயும் என்றால் 'வேண்டாம்'. விருந்தினர் ஹெலியைப் பார்த்து உற்சாகமாக ஒரு கையை ஆட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் எதிர் மலையிலிருந்து நிமிடத்துக்கு ஆறு முறை வெளிச்சமோ சத்தமோ, ஒரு நிமிட இடைவெளியோடு திரும்பத் திரும்ப வந்தால் அது அபாய அறிவிப்பு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் காட்டிவிட்டு 1414ஐ அழையுங்கள்.

இடி நெருங்கினால் முற்றத்தில் இருப்பவர்களை உள்ளே கூப்பிட்டு, மின் செருகிகளைக் கழற்றி, உலோகக் குழாயை விட்டு விலகி நில்லுங்கள்.

பூட்டும் கிழமை

கடைசி நாலு ஐந்து நாள் விருந்தினர் குறைவு, வேலை அதிகம். மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்காது. மிஞ்சிய உணவைத் திகதியோடு எழுதி, உறையக்கூடிய போத்தல்களையெல்லாம் கீழே அனுப்புங்கள். தண்ணீர்த் தாங்கியையும் குழாய்களையும் முழுதாக வடித்து, எல்லாக் குழாய்வாயையும் திறந்த நிலையில் விடுங்கள். தொட்டிகளுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்கும். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு உறைபனித் தடுப்புத் திரவம் ஊற்றவேண்டும். அடுத்த ஜூனில் வெடித்திருப்பது பெரும்பாலும் இந்த வளைவுதான். ஓடையின் வாயைக் கழற்றி, குழாய்ச் சுருளைப் பனிச்சரிவு வராத இடத்தில் கட்டுங்கள்.

யன்னல் பலகைகளை மூடியபின், ஆளில்லாத காலத்தில் வருபவர்கள் தங்கும் குளிர்கால அறையை மட்டும் பூட்டாமல் விடுவார்கள். அதில் கம்பளி, காய்ந்த விறகு, கோடரி, ஒரு பானை, நெருப்புப்பெட்டி, காசு போடும் பெட்டி இருக்கவேண்டும். அடுப்புச் சாம்பலை அள்ளி, புகைபோக்கி அடைப்பைத் திறந்து பார்த்து, கதவு உட்பக்கமாகத் திறக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் பக்கத்தில் ஒரு மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு இறங்குங்கள்.